ஸ்டார் ட்ரெக்குக்குக் கதை எழுதியவர்கள் உள்ளே நுழைந்த வழி

1989-ல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது சீசனில் எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை ஏற்ற மைக்கேல் பில்லர், எழுத்தாளர் சார்பில் பேரம் பேசும் ஏஜென்ட் இல்லாதவர்களும் திரைக்கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். பின்னாளில் கதைத் திருட்டு என்று வழக்கு வந்துவிடக் கூடாதே, அதற்காக ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்து அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. வாங்கப்பட்டவை மிகச் சொற்பம்.

அந்தச் சொற்பத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். ரொனால்ட் டி. மூர், படப்பிடிப்பு அரங்கைச் சுற்றிப் பார்க்கப் போன சாக்கில் ஒரு திரைக்கதையைக் கொடுத்துவிட்டு வந்தார். பல மாதம் குவியலில் கிடந்த அதைப் பில்லர் எடுத்துப் படித்தார். ‘தி பாண்டிங்’ என்ற எபிசோடாக அது 1989-லேயே ஒளிபரப்பானது. கதை நடக்கும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் குடும்பங்களும் வசிக்கின்றன என்பது அந்தத் தொடர் முதலிலேயே வகுத்துக்கொண்ட விதி. சரி, ஆய்வுக்காகக் கிரகத்தில் இறங்கிய அம்மா செத்துப்போனால், கப்பலில் இருக்கும் பையன் கதி என்ன? மூர் கேட்டது இந்த ஒரே கேள்விதான். புது எதிரி இல்லை, போர் இல்லை. தொடரே போட்டு வைத்திருந்த முடிச்சு, யாரும் அவிழ்க்காமல் கிடந்தது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. இருபத்து நான்காம் நூற்றாண்டுக் குழந்தைகள் மரணத்தை இயல்பாக ஏற்றுக்கொள்வார்கள், அழ மாட்டார்கள் என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி மறுத்துவிட்டார். பில்லர் அந்த மறுப்பையே கதையாக்கினார். பையன் அழாமல் இருப்பதுதான் இப்போது பிரச்சினை. கிரகத்து வேற்றுயிர் அவனுடைய அம்மா உருவத்திலேயே வந்து நிற்கிறது. அந்த மாயையை விலக்கினால்தான் அவனால் துக்கப்பட முடியும். அடுத்தவர் உலகத்தில் எழுதப் போகிறவருக்கு இந்த வேலை கைவர வேண்டும். விதியோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது, அதற்குள்ளேயே கதையைத் திருப்பத் தெரிய வேண்டும்.

அனுப்பும் திரைக்கதையின் வடிவமும் அப்போது கறாரானது. 12 பாயின்ட் கூரியர் எழுத்து, ஒரு பக்கத்துக்குத் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். முதலில் ஒரு முன்காட்சி, பிறகு ஐந்து அங்கங்கள். ஒவ்வோர் அங்கமும் விளம்பர இடைவேளையில் முடியும் என்பதால், சேனல் மாற்றாதபடி ஒரு கொக்கி வேண்டும். பிரிட்ஜ் எனப்படும் கப்பலின் கட்டுப்பாட்டு அறை, மருத்துவ அறை, எஞ்சின் அறை என்று ஏற்கெனவே போட்டிருக்கும் செட்டுகளுக்குள்ளேயே நடக்கும் கதைக்கு வாய்ப்பு அதிகம். புதுக் கிரகம் என்றால் அது தயாரிப்பாளர் காசு. அறிவியல் கலைச்சொல்லுக்கு மட்டும் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஊழியர்களே வசனத்தில் ‘டெக்’ (தொழில்நுட்பச் சொல் இங்கே வரும் என்று பொருள்) என்று எழுதி இடம் விட்டுவிடுவார்கள், அறிவியல் ஆலோசகர் நிரப்புவார். அந்த வேலையைப் பார்த்த நரேன் சங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பின்னாளில் ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளித் தொடரையே தலைமையேற்று நடத்தினார்.

அச்சு உலகத்தில் வழி வேறு. பாக்கெட் புக்ஸ் பதிப்பகம் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் சிறுகதைப் போட்டி வைத்தது. 1998 முதல் 2007 வரை பத்துத் தொகுதிகள், 2016-ல் இன்னொன்று. 7,500 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். போட்டியின் விலக்குப் பட்டியல் இன்றைக்கும் ரசிகர் கதைகளின் நோய்ப் பட்டியலாகப் படிக்கத் தக்கது: முக்கியப் பாத்திரத்தைக் கொல்வது, அதுவரை கேள்விப்படாத தம்பியையோ தங்கையையோ திடீரென்று கொண்டுவருவது, கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எல்லோரையும் காப்பாற்றுவது. கடைசி வகைக்குத்தான் மேரி சூ என்று பெயர். அதுவும் 1973-ல் ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழில் வந்த நையாண்டிக் கதையில் பிறந்த பெயர்தான்.

தொழில்முறை எழுத்தாளர்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. முதல் மூன்று தொகுதிகளிலும் இடம்பிடித்த டேட்டன் வார்டு, அதனாலேயே தகுதியிழந்தார். பதிப்பாசிரியர் அவரை நாவல் எழுதக் கூப்பிட்டார், 2002-ல் புத்தகம் வந்தது.

இன்று அந்தத் திறந்த கதவும் இல்லை, போட்டியும் இல்லை. சொந்தக் கதைகளைப் பிரசுரித்து, ஏஜென்ட் மூலம் பதிப்பாசிரியரை அணுகுவதுதான் நடைமுறை. முழு நாவலை எழுதிக்கொண்டு போனால் யாரும் தொட மாட்டார்கள். முதலில் சில பத்திகளில் யோசனை, பிறகு விரிவான கதைச்சுருக்கம். அதைப் பதிப்பாசிரியரும் உரிமையாளரான ஸ்டுடியோவும் ஒப்புக்கொண்ட பிறகே எழுத்து. எழுதி முடித்த பிரதியும் மறுபடி ஸ்டுடியோ பார்வைக்குப் போகும். ‘இந்தப் பாத்திரம் அடுத்த சீசனில் வருகிறது, தொடாதே’ என்று வந்தால் அந்த அத்தியாயம் போயிற்று, வாதாடிப் பயனில்லை. காப்புரிமையும் ஸ்டுடியோவுக்கே. நீங்கள் உருவாக்கிய புதுப் பாத்திரமும் அதில் சேர்த்தி. ரொம்பப் பிடித்த பாத்திரம் ஒன்று மனதில் இருந்தால், அதைச் சொந்தக் கதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.