முதல் ஒரு அடி பிலிம்

‘மெஷின் பிலிமை இழுக்க மாட்டேங்குது’ என்ற புகாரோடு கடைக்கு வரும் புரொஜெக்டர்களில் பெரும்பாலானவற்றில் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. மோட்டார் சுற்றும், பெல்ட் இறுக்கமாக இருக்கும், விளக்கு எரியும். குறை பிலிமின் முதல் ஒரு அடியில் இருக்கும். தானாகப் பிலிம் கோத்துக்கொள்ளும் புரொஜெக்டர்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியதில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு அடியைச் சுற்றித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பம்பாய்க்கு வந்தேன். தாராவியில் தங்கல். மாஹிமில் ஸ்லோ டிரெயின் பிடித்து கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், டேப் ரிக்கார்டர் என்று மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவில் உதிரிபாகம் கிடைக்கும். அங்கே ஒரு மாடிக்கடையில் புரொஜெக்டர் ரிப்பேர். முதலாளி குஜராத்தி சேட். மூத்த மெக்கானிக் அம்பாசமுத்திரத்துக்காரர். எனக்கு அவர் அண்ணாச்சி. இந்தி, மராத்தி, குஜராத்தி எல்லாம் சரளமாகப் பேசுவார். என்னைத் திட்டுவதற்கு மட்டும் நெல்லைத் தமிழ்.

கையால் பிலிம் கோப்பதைத்தான் அவர் முதலில் சொல்லிக்கொடுத்தார். 16 மி.மீ. அகல பிலிம் ஓட்டும் மெஷினில் மேல் ரீலிலிருந்து பிலிமை இறக்கி, ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரங்களில் முதலாவதில் பல்லோடு துளை பொருந்த உட்கார வைக்க வேண்டும். பிறகு, பிலிம் விளக்கின் முன்னால் நிற்கும் இடமான கேட்டுக்கு மேலே ஒரு வளையம், அதாவது லூப், கேட்டுக்குக் கீழே ஒரு வளையம். ஸ்ப்ராக்கெட் நிற்காமல் சுற்றுகிறது. கேட்டில் இருக்கும் க்ளா என்ற கொக்கியோ வினாடிக்கு 24 முறை பிலிமை ஒரு கட்டம், அதாவது ஒரு படம், இழுத்து நிறுத்தி, மறுபடி இழுக்கிறது. ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே இருக்கும் இழுபறியைத் தாங்குவது அந்த இரண்டு வளையங்கள்தான். கீழ் லூப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒலியையும் பிலிமின் ஓரத்திலேயே ஒளித்தடமாகப் பதித்த 16 மி.மீ. ஆப்டிகல் பிரிண்டில் ஒரு படத்துக்கான ஒலி அந்தப் படத்துக்கு 26 கட்டம் முன்னால் பதிவாகியிருக்கும். லூப் பெரிதானாலும் சிறிதானாலும் வாயசைவும் பேச்சும் ஒட்டாது. இதையெல்லாம் இருட்டில், கூட்டம் காத்திருக்கும்போது, விரல் நுனியால் செய்ய வேண்டும்.

தியேட்டர் ஆபரேட்டருக்கு இது தினப்படி வேலை. ஆனால் 16 மி.மீ. மெஷினும் 8 மி.மீ. மெஷினும் ஆபரேட்டர் இல்லாத இடங்களுக்குப் போயின. பள்ளி ஆசிரியர், நர்ஸிங் பயிற்சி நடத்தும் சிஸ்டர், மருந்து கம்பெனி ரெப், துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் மூன்றாவது ஆபீஸர் எல்லோரும் படம் போட்டாக வேண்டும். பிலிம் கோப்பது இவர்கள் வேலை இல்லை. தானாகக் கோக்கும் மெஷினைக் கண்டுபிடித்தவர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் யோசித்தார்கள் என்று நான் நம்புகிறேன். ‘சோம்பேறிகளுக்குச் செஞ்ச மெஷின்’ என்று பழைய ஆபரேட்டர்கள் அதைப் பழிப்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் லூப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

முதலில் வந்தவை பாதி வழிக்குத் தானாகப் போகும் மெஷின்கள். பெல் அண்ட் ஹோவெலின் ஆட்டோலோடில், முனையை வாயில் கொடுத்தால் பிலிம் மூடிய தடத்துக்குள் ஓடி மறுபக்கம் வெளியே வரும். லூப் போடுவதற்கென்று வளைந்த இரண்டு தகடுகள் அப்போது நெருங்கி நின்று பிலிமுக்கு வழிகாட்டும். வெளியே வந்த முனையைக் கையால் ஒரு சுண்டு சுண்டினால் தகடுகள் விலகிக்கொள்ளும். அதன் பிறகு, ஓடி வந்த பிலிமைச் சுற்றிக்கொள்ளும் டேக்-அப் ரீலில் நாமே மாட்ட வேண்டும். ஜப்பானின் எய்கி வேறு வழியில் யோசித்தது. நீளவாக்கில் ஒரு பிளவு, பிலிமை மேலிருந்து அதில் செருகினால் போதும். லூப், ஸ்ப்ராக்கெட் எல்லாம் லீவரைத் திருப்பும்போது அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.

கடைசிப் படி கார்ட்ரிட்ஜ், அதாவது பிலிம் அடைத்த பெட்டி. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோடக் 1965இல் சூப்பர் 8 என்ற 8 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தபோது பிளாஸ்டிக் பெட்டியில் வந்த பிலிம் கேமராவுக்கானது. 50 அடி பிலிம், வினாடிக்கு 18 கட்டம் ஓட்டினால் 3 நிமிஷம் 20 வினாடி. அதைக் கழுவியபின் பெட்டி குப்பைக்குப் போய்விடும், பிலிம் ரீலில் வரும். நான் பேசுவது படம் காட்டுவதற்கான பெட்டியைப் பற்றி. ரீல் உள்ளேயே இருக்கும். மெஷினில் செருகினால் பிலிம் தானாக வெளியே வந்து, படம் ஓடி, முடிந்ததும் தானாகப் பெட்டிக்குள் போய்விடும். கை பிலிமில் படவே படாது.

இதில் பெரிய சிக்கல் முதல் இரண்டு வினாடிகளில் இருக்கிறது. பிலிம் முழுவதும் உள்ளே சுருண்டு கிடக்கிறது. அதன் முனை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. செல்லோடேப்பின் முனையை நகத்தால் தேடுவோமே, அதே வேலைதான். அதற்காக ஒரு மெல்லிய எஃகு நாக்கு. பெட்டியைச் செருகியதும் ஒரு ரப்பர் உருளை, சில மெஷின்களில் ஒரு குட்டி பெல்ட், பிலிமின் வெளிச்சுற்றின் மேல் வந்து படிந்து, அவிழும் திசையில் அதைத் திருப்பும். சுற்று தளர்ந்து பெட்டியின் உட்சுவரை உரசிக்கொண்டு வரும். முனை நாக்கு இருக்கும் இடத்துக்கு வந்ததும் அதன் மேல் ஏறி, சுருளிலிருந்து பிரிந்து, வாய்வழியாக வெளியே தலை நீட்டும்.

அதன் பிறகு பிலிமைத் தள்ளியாக வேண்டும். இழுப்பதற்குப் பழகிய பொருள் அது. பட்டையின் அகலம் 8 மி.மீ., தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இழுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வரும், தள்ளினால் முதல் தடங்கலிலேயே மடங்கி விசிறி மாதிரி குவிந்துவிடும். அதனால் ஸ்ப்ராக்கெட் வரை ஒரு இம்மி இடம் விடாமல் இருபுறமும் தடம் கட்டியிருப்பார்கள். உருளை தள்ளும் வேகத்தை ஸ்ப்ராக்கெட்டின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள். முனை பல்லின் மேல் வழுக்கிக்கொண்டே போய், ஏதோ ஒரு துளையில் பல் விழும். விழுந்த கணத்திலிருந்து ஸ்ப்ராக்கெட்தான் எஜமான், உருளை அதன் மேல் சும்மா வழுக்கும். லூப் தகடுகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, முனை டேக்-அப் ரீலின் நடுக்குடத்துக்குப் போகும். அந்தக் குடத்தில் சின்னதாக ஒரு பல் இருக்கும், அது பிலிமின் துளையில் மாட்டும். இரண்டு மூன்று சுற்று சுற்றியதும் பிலிமில் இறுக்கம் ஏறும். இறுக்கம் ஒரு சின்ன கையை அசைக்கும். கை அசைந்தால் லூப் தகடுகள் விலகும், ரப்பர் உருளை மேலே எழும், விளக்கு எரியும்.

படம் முடியும்போதும் இதே தந்திரம். பிலிமின் வால் உள்ரீலில் கட்டப்பட்டிருக்கும். கடைசிச் சுற்று தீர்ந்ததும் பிலிம் விண்ணென்று இழுபடும், அந்த இறுக்கமே மோட்டாரைத் திருப்பிவிடும். கேட் திறந்து, க்ளா பின்வாங்கி, பிலிம் ஒரே ஓட்டமாகப் பெட்டிக்குள் போகும். கம்ப்யூட்டர் சிப் எதுவும் கிடையாது. பிலிம் தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்ற ஒரே தகவலை வைத்து எல்லாம் நடக்கும். முதன்முதலாக மூடியைக் கழற்றிவிட்டு இதை ஓடவிட்டுப் பார்த்த அன்று அந்த டிசைன்காரர்கள் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

இதே காலத்தில் டெக்னிகலர் கம்பெனி இன்னொரு வழி காட்டியது. 8 மி.மீ. பிலிமின் தலையையும் வாலையும் ஒட்டி, முடிவில்லாத வளையமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். முனையே இல்லை, ஆகவே கோக்கவும் தேவையில்லை. 50 அடி, நாலு நிமிஷச் சொச்சம், திரும்பத் திரும்ப ஓடும். பிலிம் சுருளின் உட்புறத்திலிருந்து உருவப்பட்டு வெளிப்புறத்தில் போய்ச் சேரும். சுற்றுக்குச் சுற்று உரசல். மேலே பூசிய வழுக்குப் பொருள் காய்ந்தால் சுருள் இறுகி நின்றுவிடும், இல்லாவிட்டால் கோடு கோடாகக் கீறல் விழும். கண்காட்சிக்கு அது நல்லது. நல்ல பிரிண்டை நான் அதற்குள் வைக்கமாட்டேன்.

பம்பாய் மழைக்காலம் இந்த மெஷின்களுக்கு எமன். ஒரு ஜூலையில் மருந்து கம்பெனி ரெப் ஒருவர் தொப்பலாக நனைந்து வந்தார். மாட்டுங்கா தமிழர். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் உட்கார்ந்திருக்க, பிலிம் வெளியே வரவில்லையாம். நான் மெஷினின் பின்மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“அண்ணாச்சி, ரோலர் தேஞ்சிருக்குமோ?”

“ஏலேய், மெஷினப் பொறவு கழத்தலாம். மொதல்ல பிலிம் முனையப் பாருல.”

அண்ணாச்சி கார்ட்ரிட்ஜைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சுற்றின் முனை அரை அங்குல நீளத்துக்கு அடுத்த சுற்றோடு ஒட்டிப்போயிருந்தது. பிலிமின் ஒரு பக்கம் ஜெலட்டின். ஈரத்தில் அது ஊறிப் பிசுபிசுக்கும். பாம்பே மழையின் ஈரம் மூடிய பெட்டிக்குள்ளும் போய்விடும். ஒட்டிய இடத்தில் நாக்கு வந்து முட்டிமுட்டி ஒரு மூலை மடங்கியிருந்தது. எஃகு நாக்கின் மேல் வெல்லப்பாகு நிறத்தில் பொடி. அண்ணாச்சி நகம் படாமல், மூங்கில் குச்சியைச் சீவி அதன் முனையால் பிலிமைப் பிரித்தார். கெட்ட பகுதியை இரண்டு துளைகளுக்கு நடுவே வெட்டி எறிந்தார். லீடர் என்ற, படமோ ஜெலட்டினோ இல்லாத வெறும் பிலிமில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்க விளிம்பு எழும்பி கேட்டில் இடிக்கும். முனையின் இரு மூலைகளையும் கட்டரில் வட்டமாக்கி, கட்டைவிரலில் வைத்து ஒரு தடவு தடவினார். முனை இம்மியளவு வெளிப்பக்கம் வளைந்து நின்றது. பெட்டியைச் செருகினார். பிலிம் கிளம்பி ஓடியது. ரெப் தலையைக்கூடத் துவட்டாமல் ஓடினார்.

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு வரும் கார்ட்ரிட்ஜ்களுக்கெல்லாம் லீடர் மாற்றுவது என் பொறுப்பு. வெட்டுவது, ஒட்டுவது, மூலை உருட்டுவது, முனை வளைப்பது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போடுவது. பட்டனைத் தட்டினால் படம் வரும் என்று ரெப் நினைப்பார், அப்படித்தான் நினைக்க வேண்டும். அவர் கையால் செய்ய வேண்டியதை லாமிங்டன் ரோட்டு மாடியில் வேறொருவர் கை முந்தின நாளே செய்து வைத்திருக்கும். கோக்கும் வேலை ஒழிந்துவிடவில்லை, அது எங்கள் மேஜைக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் பழுது பார்த்தவன் என்ற முறையில் என் தேர்வு எது என்று கேட்டால், பிளவில் செருகும் எய்கி வகைதான். மூடிய தடத்தில் பாதிப் படத்தில் பிலிம் அறுந்தால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. முழுத் தானியங்கியில் நடுவில் நிறுத்தி ரீலைக் கழற்றவே முடியாத மாடல்களும் உண்டு. பிளவு வகையில் பிலிம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். தெரியாதவரும் ஓட்டலாம், தெரிந்தவர் நடுவில் காப்பாற்றலாம்.

பிறகு வீடியோ வந்தது. 1982 ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு லாமிங்டன் ரோடு முழுக்க விசிஆர் பேச்சு. நானும் அதற்கு மாறினேன். சோனியின் யு-மேட்டிக் என்ற வீடியோ டேப் மெஷின் 1971லிருந்தே டேப்பைப் பெட்டியிலிருந்து தானாக உருவி, டேப்பைப் படிக்கும் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தது. டேப்பைத் தள்ள வேண்டியதில்லை, முனையைத் தேட வேண்டியதில்லை. இரண்டு ரீலும் ஒரே பெட்டியில் இருப்பதால், நடுவில் ஒரு வளையத்தை வெளியே இழுத்தால் போதும். பிலிம் கார்ட்ரிட்ஜ் திணறிய இடத்தையே அது சுற்றிக்கொண்டு போய்விட்டது.

இப்போது பம்பாயின் சயன் பகுதியில் வீட்டோடு சின்ன வொர்க்‌ஷாப். தாத்தாவின் அலமாரியில் கிடந்தது என்று பழைய கார்ட்ரிட்ஜைக் கொண்டுவருகிறார்கள். கூடவே எங்கேயோ பிடித்த மெஷினும் வரும். ‘ஒரு தடவை ஓட்டிப் பாத்தீங்களா?’ என்பதுதான் என் முதல் கேள்வி. இல்லை என்றால் நிம்மதி. இத்தனை வருஷத்தில் மெஷினின் ரப்பர் உருளை தார் போல இளகியிருக்கும், அது முதல் சுற்றிலேயே பிலிமில் ஒட்டும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சுருங்கியிருக்கும். 1 சதவீதம் சுருங்கினாலே துளைக்கும் பல்லுக்கும் ஒத்துவராமல் ஓரம் கிழியத் தொடங்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்ற ரீல்களிடமிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும்.

அதனால் நான் மெஷினைத் தொடுவதில்லை. பெட்டியைத் திறந்து, பிலிமைக் கையால் மெதுவாகப் பெரிய குடத்துக்கு மாற்றிச் சுற்றுவேன். உள்ளே இறுகிச் சுருண்டு கிடந்த பிலிமுக்குப் பெரிய வட்டம் நல்லது. பிறகு ஸ்ப்ராக்கெட் பல் இல்லாமல், உருளைகளால் மட்டும் பிலிமை நகர்த்தும் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்புவேன். கொண்டுவருபவர்களுக்குச் சில சமயம் ஏமாற்றம். மெஷின் தானாகக் கோத்து ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்பார்கள். அவர்களுக்காக ஒரு கார்ட்ரிட்ஜில் வெறும் லீடரை மட்டும் சுற்றி, புது ரப்பர் போட்ட மெஷினோடு வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றிவிட்டு அதை ஓட்டிக் காட்டுகிறேன்.