ஆட்டெக்கரோடு ஒரு மாதம்

மார்ச் 1, ஞாயிறு

இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை. ஆட்டெக்கர் என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பது என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். ராப் பிரவுன், ஷான் பூத் என்று இரண்டே பேர். மான்செஸ்டர் பக்கம் ராச்டேல் என்ற ஊர்க்காரர்கள். ஹிப்ஹாப் கேட்டு, கேசட் மாற்றிக்கொண்டு சேர்ந்தவர்கள். பெயரில் முதல் இரண்டு எழுத்தைத்தான் யோசித்து வைத்தார்களாம், மீதி கீபோர்டில் கைக்கு வந்தபடி தட்டியது. எப்படி வேண்டுமானாலும் உச்சரித்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கட்சி. ஆக, நான் சொல்வதும் சரிதான்.

'இன்குனாபுலா', 1993. வார்ப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற வரிசையில் வெளியிட்டது. அந்தப் பெயருக்கு இன்றைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அன்றைக்கு, ஆடுவதற்காக இல்லாமல் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிற எலக்ட்ரானிக் இசை, அவ்வளவுதான்.

மார்ச் 3, செவ்வாய்

'ஆம்பர்', 1994. அட்டையில் துருக்கியின் கப்படோக்கியா பாறைகள். அழகாக இருக்கிறது, கொஞ்சம் தூக்கமும் வருகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 4, புதன்

இன்று 'ஆன்ட்டி'. நம்மூர் ஆன்ட்டி இல்லை, எதிர்ப்பு என்ற பொருளில். அதே 1994-ல் வந்த, மூன்றே பாட்டுள்ள ரெக்கார்டு. பிரிட்டனில் அப்போது ஒரு குற்றவியல் சட்ட மசோதா. திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி, இரவில் சத்தமாகப் பாட்டுப் போட்டால் போலீஸ் கலைக்கலாம். எது பாட்டு என்பதற்கு மசோதாவிலேயே விளக்கம் உண்டு: திரும்பத் திரும்ப வரும் தாளத்தை முதன்மையாகக் கொண்ட ஒலியும் அதில் அடங்கும். இதை எழுதிய அதிகாரியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ரெக்கார்டு உறையில் ஒட்டிய எச்சரிக்கையில் இருவரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு பாட்டில் தாளம் திரும்பத் திரும்ப வருகிறது, சட்டம் அமலானால் போடாதீர்கள். மூன்றாவது பாட்டு 'ஃப்ளட்டர்'. அதில் எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல் இருக்காது, தைரியமாகப் போடலாம். இருந்தாலும் டிஜேக்கள் பக்கத்தில் ஒரு வக்கீலையும் ஓர் இசை அறிஞரையும் வைத்துக்கொள்வது நல்லதாம்.

சரி பார்த்துவிடுவோம் என்று தொடையில் தாளம் போட்டபடி கேட்டேன். விஷயம் என்னவென்றால், கை தடுமாறவே இல்லை. நாலு அடி நாலு அடியாக ஒழுங்காகப் போகிறது. உள்ளே விழும் தட்டுகள்தான் ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறுகின்றன. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் சட்டத்தை ஏமாற்றும் தந்திரம் எதுவும் தெரியாது. மேலே சின்தசைசர் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி மசோதாவுக்குக் கவலையில்லை போல.

மார்ச் 8, ஞாயிறு

'ட்ரை ரெபெட்டே', 1995. இதுவரை கேட்டதில் இதுதான் உச்சம். சிடியில் 'மேற்பரப்பு இரைச்சல் இல்லாமல் இது முழுமையற்றது' என்று அச்சிட்டிருக்கிறார்கள், ரெக்கார்டில் 'இரைச்சலோடு முழுமையானது' என்று. ரெக்கார்டில் ஊசி உரசும்போது வரும் கரகரப்பைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்பதோ போனில். ஆனால் 'ரோட்டார்' ஓடும்போது எங்கள் மின்விசிறி வழக்கமான டக்... டக்... சத்தத்தைக் கொடுத்தது. எண்ணெய் போட வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம். இந்த ஆல்பம் முடியும்வரை போடப் போவதில்லை.

மார்ச் 12, வியாழன்

'கன்ஃபீல்ட்', 2001. பஸ்ஸில் கேட்டது தப்பு. மேக்ஸ் என்ற மென்பொருளில் விதிகளை அமைத்து, தாளத்தை அந்த விதிகளே பின்னிக்கொள்ளும்படி விட ஆரம்பித்த காலம். வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன். தரையில் சுழற்றிவிட்ட எவர்சில்வர் தட்டு அடங்குவதற்கு முன் படபடக்குமே, முதல் பாட்டு அந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது. அப்புறம் அதன் அடியில் மெதுவாக ஒரு மெட்டு. அது பிடித்தது. மற்றவற்றுக்கு எனக்கு இன்னும் வயதாக வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

வரிசை கெட்டுவிட்டது. 'எக்ஸாய்' (2013) இரண்டு மணி நேரம், 'எல்செக்' (2016) நான்கு மணி நேரம், 2018-ல் என்டிஎஸ் என்ற இணைய வானொலிக்காகச் செய்த தொகுப்பு எட்டு மணி நேரம். வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்? நேராகத் தொகுப்பின் கடைசிப் பாட்டுக்குத் தாவினேன். அது மட்டும் 58 நிமிடம். இவர்கள் கச்சேரியையே இருட்டில் நடத்துகிறவர்கள் என்பதால் நானும் விளக்கை அணைத்தேன். தாளமே இல்லை. முகடு வரை தண்ணீர் ஏறுவதுபோல் ஒலி நிரம்பிக்கொண்டே போகிறது. பாதியில் தூங்கிவிட்டேனா என்று நிச்சயமில்லை. விழித்தபோதும் அது அதே இடத்தில் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

நண்பர் ஒருவரிடம் 'ஆன்ட்டி' ரெக்கார்டாகவே இருப்பது இன்றுதான் தெரிந்தது. எச்சரிக்கை ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. அதைக் கிழித்தால்தான் உறை திறக்கும். கிழித்தவரே பின்விளைவுகளுக்கு முழுப் பொறுப்பு என்றும் போட்டிருக்கிறது. 'ஃப்ளட்டரை' நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்திலும் போடலாம், 33-லும் போடலாம். போனில் வேகத்தை முக்காலாக்கிப் பார்த்திருந்தேன். ஆப் சுருதியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது, பிரயோஜனமில்லை. ரெக்கார்டில் சுருதியும் சேர்ந்து இறங்கியது. பத்து நிமிடப் பாட்டு பதின்மூன்றரை நிமிடமாக, கனமாக, வேறு பாட்டாக வந்தது.

வேகம் குறைந்தால் எண்ணுவது சுலபம். திரும்ப வரும் சுற்று ஒன்றையாவது பிடித்துவிடலாம் என்று இருவரும் விரல்விட்டு எண்ணினோம். நாற்பதைத் தாண்டும்போது அவர் மனைவி காபியோடு வந்தார். என் எண்ணிக்கை நாற்பத்திரண்டு, நண்பருடையது நாற்பத்து நாலு. அவர் ஊசியைத் தூக்கி மறுபடி விளிம்பில் வைத்தார்.