காயலான் கடையில் காற்றாலைக்கு ஹப் எடுப்பவர்களுக்கு: கேஸ் கட்டிங்கைப் பக்கத்தில் விடாதீர்கள்

காந்தங்கள் சொன்ன நாளில் வந்துவிட்டன. செப்புக் கம்பி பாரிமுனையில் கிடைத்தது. இறக்கை செதுக்குவதும் ஒழுங்காக முடிந்தது. என்னை வடசென்னை முழுக்க அலைய வைத்தது ஹப் ஒன்றுதான், அதாவது இறக்கைகளையும் காந்தத் தட்டுகளையும் தாங்கிச் சுழல வேண்டிய நடுப்பாகம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மின்சாரம் எடுக்க நான் கட்டுவது 2.4 மீட்டர் விட்டத்தில் மூன்று இறக்கைக் காற்றாலை. காந்தம் பதித்த இரண்டு இரும்புத் தட்டுகள், நடுவில் அசையாத சுருள்கள். ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்கில் வாழும் ஹியூ பிகாட் பல ஆண்டுகளாகக் கட்டியும் கற்பித்தும் வரும் அமைப்பு இது. இதைச் சுமக்க வண்டிச் சக்கரத்தின் ஹப்தான் தோது. வலுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். சுமை வண்டியின் முன்சக்கரம் ஒன்று சில நூறு கிலோவைத் தாங்கிக் குழியிலும் மேட்டிலும் ஓடுகிறது. என் காற்றாலையில் சுழலும் பாகம் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். வேகமும் குறைவு. 12 அங்குலச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றுச் சுற்றும். நொடிக்கு 7 மீட்டர் காற்றில் என் இறக்கைகள் சுற்றப்போவது 300 சொச்சம். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: ஹப்பில் ஆட்டம் இருக்கக் கூடாது, மெல்லிய காற்றிலும் அது இறுக்கமில்லாமல் சுற்றத் தொடங்க வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தச் சொற்பத்தையும் பேரிங் தின்றுவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

முதலில் போன கடையில் மாருதி 800-இன் முன் ஹப்பை எடுத்து வைத்து, இதுதான் எல்லாரும் வாங்குவது என்று அடித்துப் பேசினார்கள். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அந்த வண்டியில் இஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை. அதனால் ஹப்பின் நடுவில் பல் வெட்டிய துளைதான் இருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனை அதற்குள் நுழைந்து நட்டால் இறுக்கப்பட்டால்தான் பேரிங் சேர்ந்து நிற்கும். ஷாஃப்ட் இல்லாமல் வாங்கினால் அதைத் தாங்க ஒரு தண்டை நாமே லேத்தில் கடைய வேண்டும். நமக்குத் தேவை இழுக்காத சக்கரத்தின் ஹப். ஸ்டப் ஆக்சில் என்ற குட்டை அச்சு, அதன்மேல் பெரிதும் சிறிதுமாக கூம்பு வடிவில் உருளைகள் அமைந்த இரண்டு டேப்பர் பேரிங், நுனியில் நட், அது கழலாமல் காக்கும் ஸ்பிலிட் பின், மேலே கிரீஸ் மூடி. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸின் முன்சக்கரம் அப்படிப்பட்டது. காற்று இறக்கையைப் பின்னோக்கித் தள்ளும் விசையையும் டேப்பர் பேரிங் தாங்கிக்கொள்ளும்.

மூலக்கடைப் பக்கம் ஒரு காயலான் கடையில் குட்டி யானையின் முன் ஆக்சில் முழுதாகக் கிடந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. ஸ்டப் ஆக்சிலோடு ஸ்பேனர் போட்டுக் கழற்றித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். மறுநாள் போனால் பொருள் தயாராக இருந்தது, கேஸ் கட்டிங்கில் அறுத்து! போல்ட் துருப்பிடித்திருந்ததாம், நேரமில்லையாம். அறுத்த இடம் உள்பக்கப் பேரிங்கிலிருந்து இரண்டு விரல்கடைகூட இல்லை. கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் உருகி ஒட்டியிருந்தது, கிரீஸ் கரியாகியிருந்தது. பேரிங்கை உருவிப் பார்த்தால் உருளைகளில் நீலம் ஏறியிருந்தது. எஃகு ஏறக்குறைய 300 டிகிரிச் சூட்டைப் பார்த்துவிட்டது என்பதற்கு அந்த நீலம் சாட்சி. அதற்குப் பிறகு பேரிங்கில் பழைய கடினம் இராது. பேரிங்கையாவது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கோபுரத் தலையில் பற்றவைக்க வேண்டிய அச்சையே குட்டையாக அறுத்துவிட்டார்களே! சுற்றத்தானே செய்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. முன்பணத்தில் பாதியைப் போராடி வாங்கினேன்.

மாதவரத்தில் வேறொரு கடையில், காலையில் சிலிண்டரைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அங்கிருந்த பெரியவரிடம், "ஐயா, எனக்கு ஆக்சில் முனை முழுதாக வேண்டும், எடைக்கே போட்டுக்கொள்ளுங்கள், நானே கழற்றிக்கொள்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். உதிரி பாகமாகக் கேட்டால் ஒரு விலை, இரும்பாகக் கேட்டால் வேறு விலை. இந்த வித்தியாசத்தில் மட்டும் புது பேரிங்குக்கான காசு மிஞ்சியது. கிரீஸ் மூடியையும் சக்கர நட்டுகளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மூடிதான் மழைக்கு முகம் கொடுக்கப்போகிறது. நட்டைப் பொறுத்தவரை, ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் நட்டின் பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, 1.75, சக்கர ஸ்டட்டுகள் பெரும்பாலும் 1.5 அல்லது 1.25. பாதியில் சிக்கி மரையைக் கெடுத்துவிடும்.

பழைய பேரிங் கைக்கு நன்றாகப் பட்டாலும் டீசலில் கழுவிவிட்டு கப் என்ற வெளிவளையத்தின் உள்பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். உருளைக்கு உருளை சம இடைவெளியில் நகம் இடறினால் அந்த வண்டி எங்கோ பலமாக இடித்திருக்கிறது. எனக்கு இடறியது. புதியது வாங்கப் பாரிமுனைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் பளபளக்கும் அட்டைப் பெட்டியில் கொடுத்தார்கள். கோன் என்ற உள்வளையத்தின் துளையில் நீளவாக்கில் கீறல்கள். ஏற்கெனவே ஓர் அச்சில் ஏறி இறங்கியவை. எண்ணும் மங்கலாக இருந்தது. மெருகேற்றிய பழையது என்று நான் சொன்னதும் கடைக்காரர் பெட்டியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார், வேறெதுவும் சொல்லவில்லை. கடையிலேயே பிரித்துப் பாருங்கள். கப், கோன் இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும். 30206 போன்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 30 மில்லிமீட்டர். அங்குல அளவு பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, எல்.எம். 67048 கோனுக்கு எல்.எம். 67010 கப் என்று எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம்.

தண்டையார்ப்பேட்டை லேத் பட்டறையில் பிரேக் டிரம்மை நீக்கி, காந்தத் தட்டைப் பொருத்தும் முகத்தைச் சீராக்கினார்கள். நுண்ணிய ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹப்பில் மயிரிழை ஆட்டம் என்றாலும் 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் தட்டின் விளிம்பில் அது பல மடங்காகும். காந்தம் சுருளை உரசும்.

கிரீஸ் விஷயத்தில் காசிமேட்டுப் படகு மெக்கானிக் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். பிரேக் சூடு தாங்குவதற்காக வண்டிக்குப் போடும் கிரீஸ் நமக்கு அவசியமில்லை, காற்றாலை ஹப் சூடாவதே இல்லை. எங்கள் திருவொற்றியூர் உப்புக்காற்றில் தண்ணீரைத் தாங்கும் கால்சியம் கிரீஸ் போதும் என்றார். பழையதை முழுக்கக் கழுவிய பிறகே புதியதை இட வேண்டும், இரண்டும் கலக்கக் கூடாது. வயிறு முட்ட அடைக்கவும் கூடாது.

நட்டைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி ஸ்பிலிட் பின் போட்டேன். எவ்வளவு எளிதாகச் சுற்றத் தொடங்குகிறது என்று பார்க்க, ஹப்பின் விளிம்பில், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் கயிற்றைச் சுற்றி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். அசையவில்லை. புது ஆயில் சீலின் பிடிதான் காரணம். சீலையே எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். கடலோரத்தில் அது பேரிங்கைக் கொல்வதற்குச் சமம். சீலின் உதட்டுக்குப் பின்னால் வளையமாக ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். அதை மட்டும் கழற்றி எடுத்தேன். உதடு அச்சைத் தொட்டபடியே இருந்தது, இறுக்கம் போய்விட்டது. அரை லிட்டர் பாட்டிலுக்கே ஹப் சுற்றியது. ஸ்பிரிங் இல்லாத சீல் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் கோபுரத்தைச் சாய்த்து, மூடியைத் திறந்து கிரீஸ் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.