பிடிக்கிறது, விடமாட்டேன் என்கிறது: பழைய பிக்கப்பின் கிளட்சுடன் மூன்று வாரங்கள்

மூன்று வாரங்களாக, காலையில் பிக்கப்பைப் பின்னால் எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்துவிடும். ரிவர்ஸ் கியர் அப்படி அரைபடும். 1994ஆம் ஆண்டின் டீசல் வண்டி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா அதில் செம்பனைக் குலை ஏற்றினார். நான் கோழிச் சாணமும் உர மூட்டையும் ஏற்றுகிறேன்.

டவுனில் ஒரு போமன், அதாவது மெக்கானிக், பானெட்டைக்கூடத் திறக்காமல், "கிளட்ச் தட்டு முடிந்தது தம்பி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிடித்துவைக்கும் அந்தத் தட்டு தேய்ந்திருந்தால் கிளட்ச் வழுக்க வேண்டும்: எஞ்சின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது, கருகல் வாடை அடிக்கும். ஆறு மூட்டை உரத்தோடு லாசா சாலை மேட்டில் நான்காவது கியரிலேயே ஏற்றிப் பார்த்தேன். முக்கியது, ஆனால் எஞ்சினும் வண்டியும் சேர்ந்தே முக்கின. வீட்டுக்கு வந்து கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். எஞ்சின் உடனே அணைந்தது. தட்டு நன்றாகப் பிடிக்கிறது. பிடித்ததை விடத்தான் மறுக்கிறது.

அடுத்து, எஞ்சின் ஓட ஓட கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். தட்டு விட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் தண்டு சுற்றி ஓய்ந்திருக்கும். இந்த வண்டியில் முன் கியர்களுக்கு, பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. அதனால் முதலில் அலறுவது அதுதான். பொறுத்தும் அரைத்தது. பெடலை மூன்று முறை வேகமாக மிதித்தெடுத்துப் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. மிதிக்க மிதிக்கச் சரியாகிறதென்றால், சந்தேகம் கியர்பாக்ஸுக்குள் அல்ல, எண்ணெய் போகும் வழியில். பெடலை மிதித்தால் மேல் பம்பு எண்ணெயைக் குழாய் வழியே கீழ் பம்புக்குத் தள்ளும்; கீழ் பம்பின் கம்பிதான் கிளட்சை விடுவிக்கும்.

மேல் பம்பின் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே எண்ணெய் கோப்பி ஓ போலக் கறுப்பாக இருந்தது. கிளட்சிலும் ஓடுவது பிரேக் எண்ணெய்தான், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இந்த ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். பெடலுக்குப் பின்னால் கம்பளம் காய்ந்திருந்தது, அதனால் மேல் பம்பில் கசிவில்லை. கீழே படுத்து, கீழ் பம்பின் ரப்பர் உறையைச் சற்றே பிதுக்கினேன். கறுப்பு நீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்தது.

இங்கே ஒரு கஞ்சத்தனம் செய்தேன். ரப்பரை மட்டும் மாற்றினால் போதும் என்று 18 வெள்ளியோடு (ரிங்கிட்) முடித்துக்கொண்டேன். நான்கே நாளில் மறுபடியும் கசிவு. உள்சுவரில் துருவால் விழுந்த சிறு குழிகளைப் பார்த்த பிறகும் புது ரப்பரைப் போட்டது என் தப்புதான். முழுக் கீழ் பம்பையும் மாற்றினேன். அக்காள் மகன் பெடலில் உட்கார, "மிதி… பிடி… விடு" என்று குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்தோம். சிந்திய எண்ணெயைத் துடைக்க மறந்ததில் மட்கார்டில் ஒரு கையளவு பெயிண்ட் உரிந்து போனது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

அதன் பிறகும் காலையில் ரிவர்ஸின் முனகல் நிற்கவில்லை. தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் வந்து, "கம்பி எவ்வளவு நகர்கிறது, அளந்தாயா?" என்று கேட்டார். கீழ் பம்பின் தள்ளுகம்பியில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன்: 9 மில்லிமீட்டர். பிறகு அவர் என் கையைப் பிடித்து, இரும்புக் குழாய்க்கும் பம்புக்கும் நடுவிலிருக்கும் ரப்பர் குழாயின் மேல் வைத்தார். "மிதிடா" என்றார் பையனிடம். விரல்களுக்கு நடுவே குழாய், பாம்பு இரை விழுங்கியதைப் போல உப்பியது. மிதித்த மிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாயே தின்றிருக்கிறது! புதுக் குழாய் போட்டு, மறுபடி காற்றெடுத்து அளந்தபோது 14. அன்றிலிருந்து ரிவர்ஸ் அரைபடவில்லை.

ஒரு சத்தம் மட்டும் மிச்சம். நியூட்ரலில் பெடலிலிருந்து காலை எடுத்தால் மெல்லிய உறுமல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. மிதிக்கும்போது வந்தால், கிளட்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிப்பேன். இது நேர்மாறாக இருப்பதால், கியர்பாக்ஸின் முன்தண்டு பேரிங்காக இருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை கியர் எண்ணெயை வடித்து, அடைப்பானின் காந்தத்தில் எவ்வளவு இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.