ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே கூடம்

2022 ஏப்ரல் 15 அன்று பெரிய வெள்ளியும், யூதர்களின் பாஸ்கா முதல் இரவும், ரமலான் நோன்பும் ஒன்றாக வந்தபோது, பாஸ்டனுக்கு அருகே நான் படித்த பல்கலைக்கழகத்தில் பல்சமய மாணவர் குழுவின் பொறுப்பாளர்களுள் நானும் ஒருத்தி. இருந்ததோ ஒரே கூடம். சமயப் பணிகளுக்கென அலுவலர்கள் இருந்தும், யாருக்கு எந்த நேரம் என்பதை மாணவர்களே பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது பெருந்தன்மையா, தப்பித்தலா என்பது இன்றும் எனக்கு ஐயம்தான்.

வால்தமிலுள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் 1955-இல் யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் ஆலயங்கள் மூன்றையும், ஒன்றின் நிழல் மற்றொன்றின் மீது விழாதபடி அமைத்தார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பாஸ்கா மேசைக்கு அருகே புளித்த மாவுப் பண்டம் எதுவும் வரக்கூடாது என்பதால், இஃப்தாருக்கு வந்த ரொட்டிகளையும், அவற்றோடு கோழி பிரியாணி அண்டாவையும் மறுகோடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கியவன், அன்று இறைச்சியைத் தொடாத ஒரு கத்தோலிக்க மாணவன். மறு காதைப் பிடித்தவள், காலையிலிருந்து தண்ணீர்கூட அருந்தாத என் அறைத்தோழி. சூரியன் மறைய அப்போது இன்னும் இருபது நிமிடம் இருந்தது.