ஹெச். பைலோரி டெஸ்ட்: ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டை நம்பும் முன்

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘ரேபிட் யூரியேஸ் டெஸ்ட்: நெகட்டிவ்’ என்று அச்சாகி வந்தது. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி என்ற கிருமி இல்லை என்று அர்த்தம். அந்த வரியால் காலணா பிரயோஜனம் இல்லை. முந்தைய நாள் வரைக்கும் அமிலத்தை அடக்கும் பேன்டாப்ரசோல் 40 மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. தேதி வாங்கிய கவுன்ட்டரில் எல்லாம் சொன்னார்கள்: ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கணும், காலையில் தண்ணிகூடக் கூடாது, கட்டுப்பல் இருந்தால் கழற்றணும், கூட ஒரு ஆள் வரணும். மாத்திரை பற்றிக் கேட்டதற்கு வந்த பதில், “பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு வாய் தண்ணியில போட்டுக்குங்க, மத்ததெல்லாம் வழக்கம்போல.” அந்த ‘வழக்கம்போல’தான் மொத்த டெஸ்ட்டையும் கெடுத்தது.

ஏன் கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் கிருமி வயிற்றில் எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இரைப்பை அமிலத்தில் சாதாரணக் கிருமி தாக்குப்பிடிக்காது. ஹெச். பைலோரி யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. இரைப்பைச் சாற்றில் கலந்திருக்கும் யூரியாவை அந்த நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கிறது. அமிலம் குறைந்த இடத்தில் கெட்டியான சளிப்படலம் இளகும். திருகு வடிவ உடலும் வால் இழைகளும் உள்ள கிருமி அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், இரைப்பைச் சுவரின் செல்களை ஒட்டி உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது.

எண்டோஸ்கோபியில் செய்யும் யூரியேஸ் டெஸ்ட், மூச்சு டெஸ்ட் இரண்டும் தேடுவது இந்த நொதியைத்தான், கிருமியை நேரடியாக அல்ல. பேன்டாப்ரசோல், ரேபெப்ரசோல், எசோமெப்ரசோல் மாதிரி அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் கிருமியைக் கொல்லாது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கும், நொதியின் வேலையை மந்தமாக்கும், இரைப்பையின் அடிப்பகுதியான ஆன்ட்ரத்திலிருந்து மேல்பகுதிக்குத் தள்ளிவிடும். டாக்டர் ஆன்ட்ரத்தில் சதை எடுப்பார். அங்கே ஆள் இருக்காது. மலப் பரிசோதனையும், எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பயாப்சியும்கூட இதனால் அடிவாங்கும்.

ஆகவே கணக்கு இது: அமிலத்தை அடக்கும் மாத்திரையை (சுருக்கமாக அமில மாத்திரை) டெஸ்ட்டுக்கு முன் 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். அமிலத்தை அடக்கும் இன்னொரு ரகமான வோனோப்ரசான் வகைக்கும் அதே. ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத் என்ற வயிற்றுப்புண் மருந்தும் 4 வாரம். பல்வலிக்கும் சளிக்கும் போட்ட ஆன்டிபயாடிக்கும் இதில் சேர்த்தி. அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல், எசோமெப்ரசோல் கலந்த வலி மாத்திரை என்று அமில மாத்திரை வேறு பெயரில் ஒளிந்திருப்பதையும் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிறுத்திய முதல் வாரம் நெஞ்செரிச்சல் பழையதைவிட மோசமாகலாம். அடக்கி வைத்த அமிலம் துள்ளி எழும், அவ்வளவுதான். நோய் முற்றிவிட்டதென்று பயந்து பலர் அங்கேயே மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த இடைவெளிக்கு, வேறு வழியில் அமிலத்தைக் குறைக்கும் ஃபாமோடிடின் கேளுங்கள்; டெஸ்ட்டுக்கு ஓரிரு நாள் முன்பு அதையும் விட்டால் போதும். ஆன்டாசிட் சிரப்பும் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள் அமில மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு எப்போது, எந்த டெஸ்ட் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எண்டோஸ்கோபிக்கும் முன்னால் ஒரு வெட்டிச் செலவு உண்டு: ரத்தத்தில் ஹெச். பைலோரி ஐ.ஜி.ஜி., அதாவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட். கிருமி உள்ளே இருந்தாலும் பாசிட்டிவ், மருந்து சாப்பிட்டு ஒழித்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பாசிட்டிவ். நம் ஊர் மாதிரி பாதிப்பேருக்கு மேல் சின்ன வயதிலேயே இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கும் இடத்தில், அது என்ன தகவலைத் தரும்? ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்று கூடுதலாகச் சீட்டில் எழுதியிருந்தால் பணம் கட்டும் முன் எதற்கென்று கேளுங்கள்.

இன்னொரு எரிச்சல், “காரத்தைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க” என்ற அறிவுரை. காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இந்தக் கிருமியை லேபில் வளர்த்தெடுத்தார்கள். வழக்கமாக இரண்டு நாளில் தூக்கிப்போடும் கிருமி வளர்க்கும் தட்டுகள் ஈஸ்டர் விடுமுறையால் கூடுதல் நாள் கிடந்ததால்தான் கிருமி கண்ணில் பட்டது. மெதுவாக வளரும் ஜாதி. நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இத்தனைக்குப் பிறகும் வெறும் மோர் சாதம்தான் மருந்துச்சீட்டு என்றால் என்ன சொல்வது?

கிருமி எங்கே குடியேறுகிறது என்பதைப் பொறுத்து நோய் மாறும். ஆன்ட்ரத்தில் மட்டும் மும்முரமாக இருந்தால், அங்கே அமிலத்துக்குக் கடிவாளம் போடும் சோமட்டோஸ்டாட்டின் குறைந்து, அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் ஏறி, அமிலம் பெருகி, சிறுகுடலின் தொடக்கத்தில் டியோடினல் அல்சர் வரும். பசித்த வயிற்றில், நடுராத்திரியில் வலித்து எழுப்புவது பெரும்பாலும் இந்த ரகம். இரைப்பை முழுக்கப் பரவினால் கதை தலைகீழ்: அமிலம் சுரக்கும் சுரப்பிகளே தேய்ந்து அமிலம் குறையும். இரைப்பைப் புண்ணும், பல வருஷம் கழித்துப் புற்றுநோயும் வரும் பாதை அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. பீதி வேண்டாம்: தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, புண் வருவது சுமார் 10 முதல் 15 சதவீதம், புற்றுநோய் 1 முதல் 3 சதவீதம். காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்துகொண்டே போனால் இந்தக் கிருமியையும் சந்தேகப்பட வேண்டும்.

எண்டோஸ்கோபியே ஒரு வரிதான்: தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே, இடது பக்கம் சாய்ந்து படுக்கை, சில நிமிட ஓக்களிப்பு, முடிந்தது. கவனிக்க வேண்டியது சதை எடுத்த பிறகு நடப்பதை. யூரியேஸ் கிட் என்பது மஞ்சள் நிறப் பசை வைத்த ஒரு சின்னக் குழி. அதில் யூரியாவும் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டியும் இருக்கும். அரிசி நுனி அளவு சதையை அதில் புதைத்தால், நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாகி, சதையைச் சுற்றி முதலில் ஒரு இளஞ்சிவப்பு வளையம் தெரியும். பிறகு குழி முழுக்கச் சிவக்கும். கிருமி நிறைய இருந்தால் சில நிமிடத்திலேயே. குறைவாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும்.

இங்கே தப்பாகப் போவது நிறைய. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற கிட்டில் அப்படியே வைத்தால் நிறம் மாற நேரமாகும். பயாப்சி சதையை, அது கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டு அதே இடுக்கியில் யூரியேஸுக்கும் எடுத்தால், இடுக்கியில் ஒட்டிய ஃபார்மலின் நொதியைச் செயலிழக்கச் செய்யும். யூரியேஸுக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆன்ட்ரத்தில் ஒன்று, மேல்பகுதியான கார்பஸில் ஒன்று என்று இரண்டு சதை வைத்தால் தவறுவது குறையும். ரத்தம் கசியும் புண் இருக்கும்போது எடுத்த நெகட்டிவை நம்பக் கூடாது. கிட்டின் உறையில் எத்தனை நேரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் ரிப்போர்ட் டைப் ஆகி பில்லோடு கைக்கு வந்துவிட்டால், அது எந்த நேரத்தில் பார்த்த நிறம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுபக்கம், 24 மணி நேரத்துக்கு மேல் கிடந்து சிவந்ததையும் பாசிட்டிவ் என்று எடுக்கக் கூடாது. வேறு கிருமிகளும் அந்த வேலையைச் செய்யும்.

ஒரே குழாய் உள்ளே போகும்போது பயாப்சியும் எடுத்துவிடச் சொல்லுங்கள். முறையாகச் செய்தால் 5 துண்டு: ஆன்ட்ரத்தில் 2, இரைப்பையின் வளைவில் 1, கார்பஸில் 2. ஆன்ட்ரமும் கார்பஸும் தனித்தனி பாட்டிலில், பெயரும் இடமும் எழுதி. ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தால் திருகு வடிவக் கிருமி தெரியும். சுரப்பிகள் தேய்ந்துவிட்டனவா என்பதும் அதில்தான் தெரியும், யூரியேஸ் கிட் அதைச் சொல்லாது.

கறுப்பாக மலம், ரத்த வாந்தி, எடை குறைவு, விழுங்கச் சிரமம், ரத்தசோகை இதெல்லாம் இருந்தால் எண்டோஸ்கோபி கட்டாயம். இல்லாத இளவயதுக்காரர்களுக்கு மூச்சு அல்லது மல டெஸ்ட் போதும். சரியான இடைவெளி விட்டு எடுத்த, மலத்தில் கிருமியின் துணுக்கைத் தேடும் மல ஆன்டிஜன் டெஸ்ட்தான் கடைசியில் பாசிட்டிவ் என்று உண்மையைச் சொன்னது. அதுவும் சுலபமாக நடக்கவில்லை. முதல் தடவை கொண்டுபோன டப்பாவை வாங்கிக்கொண்ட லேப் கவுன்ட்டர், அதை மதியம் வரை மேஜையிலேயே வைத்திருந்தது. எடுத்ததும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெளியூர் லேபுக்கு அனுப்புகிறார்கள் என்றால் ஐஸ் பெட்டியில் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். சிறுநீரும் டாய்லெட் தண்ணீரும் கலக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு நேரத்துத் தண்ணீர் மலம் வேண்டாம். பத்து நிமிடத்தில் கோடு விழும் அட்டை டெஸ்ட்டா, லேப் கருவியில் அளக்கும் எலிசா முறையா என்றும் கேளுங்கள். ‘மோனோகுளோனல்’ எலிசா என்றால் நம்பகம் அதிகம். கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் டெக்னீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள், தப்பில்லை.

மூச்சு டெஸ்ட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பெரிய ஊர்களில் சில இடங்களில்தான் இருக்கிறது. போனில் கேட்கும்போது “ஆஸ்துமா டெஸ்ட்டா?” என்பார்கள், ‘யூரியா மூச்சு டெஸ்ட்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். 6 மணி நேரம் வெறும் வயிறு, புகை கூடாது. கார்பன்-13 முறையில் முதலில் ஒரு பையில் ஊதி, சிட்ரிக் அமிலம் சேர்த்த 75 மி.கி. யூரியாவைக் குடித்து, 30 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, மறுபடி ஊத வேண்டும். கார்பன்-14 கேப்சூலில் கதிரியக்கம் மிகச் சொற்பம், ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டாம். கேப்சூலைக் கடிக்காமல் விழுங்குங்கள்: வாயிலும் யூரியேஸ் உள்ள கிருமிகள் உண்டு, கடித்தால் பொய்யான பாசிட்டிவ் வரும்.

மருந்து 14 நாள். கடையில் தயாராக இருக்கும் 7 நாள் கிளாரித்ரோமைசின் கிட்டை எடுத்து நீட்டுவார்கள். நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் நிறைய இருப்பதால் அந்தக் குறுகிய கிட் பலருக்குத் தோற்கிறது. பிஸ்மத் சேர்ந்த நால்வகை மருந்தில் அமில மாத்திரை இரண்டு வேளை, பிஸ்மத் 4 வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. 4 வேளை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. 3 அல்லது 4 வேளை. டெட்ராசைக்ளினுக்கு நாய் படாத பாடு. பல மெடிக்கல் ஷாப்பில் இல்லை. “டாக்சிசைக்ளின் அதேதான் சார்” என்பார்கள். இந்தக் கிருமிக்கு அது அதே அல்ல, குணமாகும் வாய்ப்பு குறையும். டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். டெட்ராசைக்ளினை பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரையோடு போட்டால் வயிற்றிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும். பயந்து நிறுத்த வேண்டாம், ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுத்து நாற்றமடித்தால், தலைசுற்றினால் அது ரத்தம். உடனே போக வேண்டும். வாயில் செம்புக் காசு வைத்த ருசி மெட்ரோனிடசோலின் கைங்கரியம்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம், அதில் கடைசி 2 வாரம் அமில மாத்திரை இல்லாமல் இருந்து, மூச்சு அல்லது மல டெஸ்ட் எடுக்க வேண்டும். வலி போய்விட்டது என்பது கிருமி போனதற்கு அத்தாட்சி ஆகாது. கடைசியாக எந்த மாத்திரை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று டெஸ்ட் சீட்டிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ரிப்போர்ட்டைப் படிக்கும் டாக்டர் இன்னொருவராக இருக்கலாம். போட்ட ஆன்டிபயாடிக் பெயர்கள் உள்ள பழைய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தோற்ற கோர்ஸில் கிளாரித்ரோமைசின் இருந்திருந்தால், அடுத்த சுற்றில் அதைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. இந்தத் தடவை வந்த நெகட்டிவ், இடைவெளி விட்டு எடுத்த நெகட்டிவ். அடுத்த மாதமே ஏதோ ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் அதே ஐ.ஜி.ஜி. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்தால், அதற்காக இன்னொரு 14 நாள் கோர்ஸ் வாங்கிவிடாதீர்கள்.