காட்பாடி பாசஞ்சரில் காமிக்ஸும் கல்கியும்

பள்ளி நாட்களுக்குப் பிறகு கதைப் புத்தகம் எதையும் முழுதாகப் படிக்காமலே பல வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் மறுபடி தொடங்கியிருக்கிறேன். வேலைக்காகக் காட்பாடியிலிருந்து அரக்கோணம் போய்வரும் ரயில் நேரம்தான் படிக்கிற நேரம். முதலில் காமிக்ஸ், படிக்கிற பழக்கம் திரும்பியதும் 'பொன்னியின் செல்வன்'. இதுவரை தோன்றியதை எழுதி வைக்கிறேன்.

இரும்புக்கை மாயாவியில் ஆரம்பித்தேன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் கதைதான். மூலக்கதை அதற்குப் பத்து வருஷம் முன்பு பிரிட்டனில் வந்தது. வலது கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்திய லூயிஸ் கிராண்டேல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். ஆரம்பக் கதையில் இவர் நல்லவரே இல்லை. சக்தி கிடைத்ததும் தலைக்கேறி ஊரையே மிரட்டுகிறார். கதாநாயகனை அப்படி அறிமுகப்படுத்தும் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது. கதை இன்றைக்குக் கொஞ்சம் எளிமையாகத் தெரியலாம். ஆனால் ஜீசஸ் பிளாஸ்கோவின் ஓவியம் துளியும் பழசாகவில்லை. இருட்டான அறை, ஆள் இல்லை, ஒரு கை மட்டும் அந்தரத்தில் நகர்கிறது. அந்த மாதிரிக் கட்டம் வந்தால் வசனத்தை விட்டுவிட்டு நிழல் விழும் விதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்து லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் சாகசங்கள். 1948-ல் இத்தாலியில் போனெல்லியும் கலேப்பினியும் சேர்ந்து உருவாக்கிய நாயகன். அமெரிக்கப் பாலைவனத்தை இத்தாலிக்காரர்கள் வரைய, அது சிவகாசியில் தமிழாகி, சோளிங்கர் தாண்டும்போது என் மடியில் விரிந்து கிடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். ஒரு குறை உண்டு. டெக்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எத்தனை துப்பாக்கி வெடித்தாலும் நெஞ்சு படபடப்பதில்லை. ஆனாலும் விடாமல் படிக்க வைப்பது கிட் கார்சன். பசிக்கிறது, வயசாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டே கடைசி வரை நண்பனை விட்டுப் பிரியாத மனுஷன். இவர்கள் இருவரும் தீ மூட்டி உட்கார்ந்து பேசும் இடங்கள், எந்தத் துப்பாக்கிச் சண்டையைவிடவும் எனக்கு மேல்.

சிரிப்புக் கௌபாய் லக்கி லூக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கோசினி எழுதியவை தனி ரகம். கொள்ளைக்கார டால்டன் சகோதரர்கள் வந்தால் சிரிப்புக்கு உத்தரவாதம். 'இரத்தப் படலம்' என்ற நீண்ட காமிக்ஸ் தொடரை இன்னும் தொடவில்லை. அதற்கு நீண்ட விடுமுறை வேண்டும்.

அப்புறம் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை இது. இதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. என் அனுபவம் வேறு. போகும்போது ஒரு அத்தியாயம், வரும்போது ஒன்று என்று படித்தால்தான் இதன் ருசி தெரிகிறது. வாரம் முழுக்க வாசகன் காத்திருப்பான் என்று தெரிந்து எழுதியது அல்லவா? கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தைக் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கிறான். பெண்கள் ஏறும் மூடுபல்லக்கிலிருந்து, அவர்கள் அரசனாக்க நினைக்கும் மதுராந்தகன் இறங்குகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்து, மறுநாள் ரயில் ஏறும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்துப் புரட்டியிருந்தால் அந்த ஒரு நாள் கிடைத்திருக்காது.

எனக்கு இந்தக் கதை இன்னொரு விதத்திலும் நெருக்கம். வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், வல்லத்து இளவரசன். அந்த வல்லம், எங்கள் ரயில் சேவூருக்கு அடுத்து நிற்கும் திருவலம்தான். நாட்டை இழந்த குலத்தின் பழம்பெருமையை அவன் நினைக்கும் பக்கங்களைப் படித்தபோது வண்டி பொன்னையாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் மணல்தான். ஆனாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

கல்கி நடுவில் கதையை நிறுத்திச் சோழ வரலாறு சொல்வதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் தாண்டவே கூடாது என்பேன். 949-ல் சோழ இளவரசர் இராஜாதித்தர் போரில் யானைமேல் உயிர்விட்ட தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் தம்பி அரிஞ்சயருக்கு மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசரின் நினைவாக எழுப்புவது) எடுத்தது யார் என்று பாருங்கள்: இராஜராஜன், அதாவது நாவலின் அருள்மொழிவர்மனேதான். அரிஞ்சயர் அவருக்குப் பாட்டனார். அதுவும் இதே பொன்னையாற்றங்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்தேன். சின்னக் கற்றளி. சுவரில் கல்வெட்டு எழுத்தை விரலால் தொடர்ந்து போனேன். ஓரிரண்டு எழுத்துத்தான் பிடிபட்டது. ஈழத்தில் யானைமேல் ஏறிப் போகிற அந்த இளைஞன் பின்னாளில் தாத்தாவுக்காக இங்கே கல் அடுக்க வைத்தான் என்று தெரிந்தபின், அவன் வரும் அத்தியாயங்களே வேறு மாதிரி இருக்கின்றன.

பாத்திரங்களில் இப்போதைக்கு ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும்தான் முன்னால் நிற்கிறார்கள். இரண்டாம் பாகத்தில், இடி விழுந்து நடுக்கடலில் எரியும் கப்பலும் படகோடு வரும் பூங்குழலியும் அபாரம். தற்செயலான சந்திப்புகள் கொஞ்சம் அதிகம்தான். யாரைத் தேடுகிறோமோ அவரே எதிரில் வந்து நிற்கிறார்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்புகள் கிடைக்கின்றன. மலிவு என்று பொடி எழுத்துப் பதிப்பை எடுக்காதீர்கள், ஆடும் ரயிலில் கண் வலிக்கும். மணியம் வரைந்த ஓவியங்களோடு இருப்பதைத் தேடி வாங்குங்கள். காமிக்ஸ் படித்த கண்ணுக்கு அந்தப் படங்கள் பெரிய விருந்து.

மூன்றாம் பாகம் 'கொலை வாள்' பையில் ஏறிவிட்டது. அதை முடித்ததும் இடையில் ஒரு டெக்ஸ், பிறகு நான்காம் பாகம். கடைசிப் பாகம் மட்டும் 91 அத்தியாயம், அதனால் மழைக்காலம் வரை கவலையில்லை.